நாற்பத்தொரு வினாடி

ஜூன் 4

டீச்சருக்கு,

போனில் பேச மாட்டேன், சொல்வதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாயாம். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியதற்கு அப்புறம் நான் பேனா பிடித்து எழுதும் முதல் கடிதம் இது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவாய் என்று தெரியும். அதற்காகத்தானே உனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தேன்.

ஒரு சாஃப்ட்வேருக்காகப் புருஷனை விட்டுப் போன பொண்டாட்டி உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். குடிகாரனை விட்டுப் போகிறார்கள், அடிக்கிறவனை விட்டுப் போகிறார்கள். நான் என்ன செய்தேன்? கமிட்டியில் ஐந்து பேரில் ஒருவனாக உட்கார்ந்து கை தூக்கினேன். உன் சாஃப்ட்வேருக்குத் தூக்கவில்லை. அவ்வளவுதான்.

நடந்ததை நிதானமாக யோசித்துப் பார். புது உற்பத்தி லைன் போடுவதற்கு முன்னால் ரோபோக்களைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேர் வேண்டும். நம் பச்சை ரோபோக்களைச் செய்கிற கம்பெனி, தன் சொந்தச் சாஃப்ட்வேரைச் சகாய விலையில் தருகிறேன் என்றது. நீயோ எல்லாக் கம்பெனி ரோபோவையும் ஓட்டிக் காட்டும் பொதுச் சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் தொழிற்சாலைப் பெரியவர். தினமும் ஓடுகிற, ரோபோவைச் சுற்றி வேலி போட்ட இரண்டாம் கூண்டை இரண்டு சாஃப்ட்வேரிலும் வரைய வேண்டும். உள்ளே இருக்கும் ரோபோ ஒரு சீட் ஃபிரேமை வெல்டிங் செய்து முடிக்க எத்தனை வினாடி ஆகும் என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லோருமாகக் கூண்டு முன்னால் நின்று நிஜ நேரத்தை அளக்க வேண்டும். நீ முப்பத்தாறு என்றாய். அவர்கள் நாற்பத்தொன்று என்றார்கள். அளந்தோம், நாற்பத்தொன்று. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

"மேடம் கணக்குல ரோபோ பறக்குதே" என்று பெரியவர் சொன்னது தப்புதான். நான் சிரித்தது அதைவிடத் தப்பு. ஆனால் தொழிற்சாலையின் தலைவரே சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் பொண்டாட்டிதாசன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். உன்னை அந்தக் கிளைக்கு மாற்றியதும் நான் இல்லை. மாற்றல் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கலாம். மறு பேச்சில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறியது நீ.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்று டிவி ரிமோட்டைத் தேடினேன். "அவ இருந்தா எது எங்க இருக்குன்னு சொல்லுவா. இப்ப நீயே தேடு" என்கிறாள். ரிமோட் அவள் மடியில்தான் இருந்தது. சனிக்கிழமை வந்துவிட்டுப் போ.

உன்
சார்


ஜூன் 9

சார்,

இத்தனை நாள் வேடிக்கைக்காகக் கூப்பிட்டேன். இனிமேல் மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

டயர் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். காலையில் கடை திறந்தால் ரப்பர் வாசனை படியேறி வந்துவிடும். தலையணை உறையில்கூட அந்த வாசனைதான். ஆபீசில் என்னை ஆவணப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய மெஷின்களின் உதிரி பாக வரைபடங்களை எடுத்து, படத்தில் இருக்கும் எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அந்த மெஷின்களில் பாதியை எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். மேஜை சுவரைப் பார்த்து இருக்கிறது. நாற்காலியில் இடது பக்கத்துச் சக்கரம் சுற்றாது. என்னோடு பேசுகிறவர் யாருமில்லை, எல்லோருக்கும் நான் கணக்குத் தப்பாகப் போட்ட மேடம்.

தோற்றது வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக நான் ரயிலேறவில்லை. அன்று அளந்து முடித்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகும் நான் கூண்டு முன்னாலேயே நின்றிருந்தேன். என் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அந்த ரோபோ முழு வேகத்தில் ஓடவில்லை. அது எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கு எப்படிப் பொருந்தியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போன வருஷம் ரோபோவின் கிரிப்பர் பிடியிலிருந்து ஒரு ஃபிரேம் வழுக்கிப் போய் வேலியில் மோதியது. வெளியே சொன்னால் கூண்டை நிறுத்திவிடுவார்கள், அந்த வாரம்தான் உங்களுக்கு லைன் மேனேஜர் இன்டர்வியூ. வாயைத் திறக்காமல் ப்ரோகிராமுக்குள் போய் ஒவ்வொரு அசைவின் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தீர்கள். வெளியே திரையில் நூறு சதவீதம் என்றே காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அப்படிப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று சொன்னீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆக, அந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மீட்டிங்குக்கு மீட்டிங் சாக்லெட் டப்பாவோடு வந்து நிற்பாரே பச்சை ரோபோ கம்பெனியின் விற்பனை ஆள், நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாக்லெட்காரர் என்று பெயர் வைத்தோமே, அவரிடம் நான் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.


ஜூன் 15

டீச்சருக்கு,

ஒரு வார்த்தையில் பதில் வேண்டுமாம். என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டு நீ வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாய். அந்த டயர் கடை மாடியில் தனியாக உட்கார்ந்து யோசித்து யோசித்து உனக்கு மூளை சூடேறிவிட்டது.

உனக்குத் தெரியாததா? ரோபோவும் அவர்களுடையது, சாஃப்ட்வேரும் அவர்களுடையது. நிஜ ரோபோவில் ஓடுகிற ப்ரோகிராமை அப்படியே தூக்கித் தங்கள் சாஃப்ட்வேரில் போட்டு ஓட்டுவார்கள். நான் குறைத்து வைத்த வேகம் அதிலேயே இருந்திருக்கும். நாற்பத்தொன்று வராமல் வேறென்ன வரும்? அதற்குத்தான் சொந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்று தலையால் தண்ணி குடித்துச் சொன்னேன். இதற்குப் போய் ஒற்றன், துரோகி என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறாய். நீ அந்த வார்த்தைகளை எழுதவில்லை, ஆனால் எழுதாமல் எழுதுவதில் நீ கெட்டிக்காரி.

வாஷிங் மெஷின் பாதியில் நின்று தண்ணீரோடு கிடக்கிறது. நீ எந்தப் பொத்தானை அழுத்துவாய் என்று அம்மாவைக் கேட்டால், "அவளுக்கே லெட்டர் போட்டுக் கேளு, அதான் எழுதறியே" என்கிறாள். கேட்கிறேன். எந்தப் பொத்தான்?

சார்


ஜூன் 20

சார்,

நடுவில் இருக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் தானாக இறங்கும்.

சோதனைக்கு விதி எழுதியது நான். இரண்டு பேருக்கும் ஒரே காகிதங்கள்தான்: கூண்டின் வரைபடம், ரோபோ தொட வேண்டிய புள்ளிகள், கூண்டு போட்ட அன்று எழுதி வைத்த வேகம். சோதனைக்கு முன்னால் யாரும் கூண்டருகே போய் நேரத்தை அளக்கக் கூடாது. ஓடுகிற ப்ரோகிராமை யாருக்கும் தரக் கூடாது. இந்தக் கடைசி விதி என் யோசனை இல்லை, நீங்கள் சொல்லிச் சேர்த்தது. "ப்ரோகிராம் வெளிய போகக் கூடாது, அது கம்பெனி சொத்து" என்று மேஜையைத் தட்டிப் பேசினீர்கள். உங்கள் குட்டு உடையாமல் இருக்கத்தான் பேசுகிறீர்கள் என்று தெரிந்தும் நான் அதை விதியாக எழுதினேன். நீங்கள் கையெழுத்தும் போட்டீர்கள்.

ப்ரோகிராம் அவர்கள் கைக்குப் போகவில்லை. அப்படியானால் வேறு எது போனது?

இன்னொன்று. இதை மனைவியாகச் சொல்லவில்லை, திட்டப் பிரிவில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன். புது லைனில் பாதி ரோபோக்கள் வேறு கம்பெனியின் வெள்ளை ரோபோக்கள். உங்கள் சாஃப்ட்வேருக்குப் பச்சையைத்தான் ஓட்டத் தெரியும். வெள்ளை ரோபோவைச் சும்மா நிற்கும் ஒரு பெட்டியாகத்தான் காட்டும். ஒரே ஃபிரேமின் மேல் பச்சையும் வெள்ளையும் சேர்ந்து வேலை செய்யும்போது, அந்தப் பெட்டி எப்போது கை நீட்டும் என்று திரையில் தெரியாது. முழு வேகத்தில் ஓட்டுகிற முதல் சில நாளாவது யாரையும் கூண்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். முக்கியமாக அந்த ஃபிரேமைச் சரிபார்க்கும் வெல்டரை. அவர் வேலியில் சாய்ந்துகொண்டு நிற்கிற ஆள்.

கேள்வி அப்படியே இருக்கிறது.


ஜூன் 28

டீச்சருக்கு,

ஆமாம், சொன்னேன். போதுமா?

கேன்டீனில் சாக்லெட்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், "உங்க ரெண்டாம் கூண்டு கொஞ்சம் மெதுவா ஓடுதோ?" என்று கேட்டார். நானும் வாய் தவறி, "ஆமாமா, நாப்பத்தொண்ணு ஆகும்" என்றேன். எழுதியா கொடுத்தேன்? டீ குடிக்கும்போது வாயில் வந்ததற்கு ஒரு குடும்பத்தையே கலைப்பதா?

அதோடு இதையும் யோசித்துப் பார். உன் சாஃப்ட்வேர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆகும். புது லைன் தாமதமாகும். பெரியவர் உன் தலையைத்தான் உருட்டுவார். ஒரு வகையில் உன்னைக் காப்பாற்றியிருக்கிறேன். உனக்கு அது புரியாது.

கடைசியாக ஒன்று. வேகம் குறைவு என்பது உனக்கும் தெரியும்தானே? நீயும் அதைக் கணக்கில் சேர்த்திருக்கலாம். உனக்கும் நாற்பத்தொன்று வந்திருக்கும். கையில் விடையை வைத்துக்கொண்டு தப்பாக எழுதிவிட்டு வந்தவள் நீ. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உன் வறட்டுப் பிடிவாதத்தால் நீ தோற்றாய்.

புது லைன் அடுத்த வாரம் ஓடப் போகிறது. திரையில் எல்லாம் அழகாக ஓடுகிறது. யாரும் எதிலும் இடிக்கவில்லை.

சார்


ஜூலை 3

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆமாம், எனக்கும் தெரியும். கணக்கைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வேகத்தைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றினால் கமிட்டி கேட்கும்: காகிதத்தில் இருக்கும் வேகத்தை விட்டுவிட்டு இதை ஏன் போட்டீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சொல்வேன்? என் வீட்டுக்காரர் அடுப்படியில் சொன்னார் என்றா? ஃபிரேம் வழுக்கியது வெளியே வரும். இன்டர்வியூவுக்காக அதை மறைத்தது வெளியே வரும். உங்கள் மேனேஜர் நாற்காலி போய்விடும். அதனால் மாற்றவில்லை.

அவர்களுக்கும் அதே காகிதங்கள்தானே, அவர்களும் முப்பத்தாறுக்குப் பக்கத்தில்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் கணக்கும் பொருந்தாது. சரி என்று அதை விட்டுவிட்டு வெள்ளை ரோபோவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள், அங்கே நான் ஜெயித்துவிடுவேன். இதுதான் என் கெட்டிக்காரத்தனம். நீங்கள் சொல்லும் வறட்டுப் பிடிவாதம்.

உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாயை மூடி வைத்திருந்த அதே விஷயத்தை, என்னைத் தோற்கடிக்க நீங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் சிரித்தபோது உங்கள் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, வீட்டுக்குப் போனதும் தைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருக்கிறது.

வாய் தவறிச் சொன்னேன் என்கிறீர்கள். என்னைக் காப்பாற்றச் சொன்னேன் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறீர்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? எதற்காகச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.


ஜூலை 19

டீச்சருக்கு,

கேள்விப்பட்டிருப்பாய். எல்லாக் கிளைக்கும் மெயில் போயிருக்கிறது.

லைன் நாலு நாள் மெதுவாக, நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பெரியவர் பக்கத்தில் நின்று முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். மூன்றாவது ஃபிரேமில் பச்சையும் வெள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போயின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளை ரோபோவின் மணிக்கட்டு முறிந்து தொங்கியது. தெறித்து வந்த போல்ட் வேலியைப் பிளந்துகொண்டு வெளியே விழுந்தது. அந்த வெல்டர் எப்போதும் சாய்ந்து நிற்பாரே, சரியாக அந்த இடத்தில். அவரை அன்று நான் உள்ளே விடவில்லை. "ஏன் சார், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று முறைத்துக்கொண்டு போனார். உன் கடிதத்தைப் படித்ததால்தான் போகச் சொன்னேன். இப்போது என்னைக் கடவுள் என்கிறார்.

ஹெட் ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்திருக்கிறார். சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்த விதத்திலிருந்தே ஆரம்பிக்கிறாராம். உன்னையும் கூப்பிடுவார். சோதனை நேர்மையாக நடந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அவ்வளவுதான் கேட்கிறேன். இல்லையென்றால் நான் ஒழிந்தேன். வேலை போனால் இந்த வீடு என்ன ஆகும், அம்மா இந்த வயதில் எங்கே போவாள் என்று யோசி. இதுவரை உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

எதற்காகச் சொன்னேன் என்று கேட்டாய். சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் பெரியவர் லைனுக்கு வந்தார். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். "உங்க வீட்டம்மா ஜெயிச்சா அவங்கதான் சிமுலேஷன் பிரிவுக்குத் தலைவி. புது லைன் அவங்க சொல்றபடிதான் ஓடும். நீங்க போய் அவங்ககிட்ட ரிப்போர்ட் பண்ணணும். வீட்லயும் அப்படித்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள்தான் சாக்லெட்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

நீ என்னை என்னங்க என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிறது.


ஜூலை 27

சார்,

காரணத்தைச் சொன்னதற்கு நன்றி. நினைத்ததுதான். ஆனாலும் உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டேன். பத்துப் பேர் சிரிப்பதை உங்களால் தாங்க முடியவில்லை. அதனால் அதே பத்துப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தீர்கள்.

அந்த வெல்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி.

அதிகாரி வியாழக்கிழமை கூப்பிட்டார். பொறுமையான மனுஷர். நீங்கள் கேட்ட வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. "உங்க கணக்கு தப்புன்னு கமிட்டி எழுதியிருக்கு. நீங்க ஏன் எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசல?" என்று கேட்டார். "இப்ப பேசறேன் சார். ரெண்டாம் கூண்டோட ப்ரோகிராமைத் திறந்து, எங்களுக்குக் கொடுத்த காகிதத்துல இருக்கற வேகத்தை வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றேன். வேகத்தைக் குறைத்தது யார் என்றார். ப்ரோகிராமைத் திறக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள் என்றேன். அவர் அதற்கு மேல் துருவவில்லை.

அடுப்படியில் நீங்கள் சொன்னதை நான் அப்போதும் வெளியே சொல்லவில்லை. என் கணக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

அத்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் தினமும் என்னோடு பேசுகிறார். போன் வேண்டாம் என்றது உங்களுக்கு மட்டும்தான்.


ஆகஸ்ட் 6

டீச்சருக்கு,

ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள் என்ன, ஓட்டிக் காட்டியது நான்தான். உள்ளே போய் வேகத்தை ஏற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அதிகாரி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு அசைவையும் பார்த்தார். குறைத்ததையெல்லாம் என் கையாலேயே ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஃபிரேம் மறுபடி வழுக்கும் என்று பயந்தேன். வழுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். வழுக்கினால் நான் குறைத்தது நியாயம் என்றாகிவிடும்.

வழுக்கவில்லை. கிரிப்பரின் ரப்பரை எப்போதோ மாற்றிவிட்டார்கள். அது எனக்கே தெரியாது. மூன்று ஃபிரேம் ஓடியது. மூன்றும் முப்பத்தாறு.

பெரியவர் சிரிக்கவில்லை. அதிகாரி கேட்டார், நான் சொன்னேன். சாக்லெட்காரரை வரவழைத்தார்கள். "சார் என்கிட்ட அப்படியெல்லாம் சொன்னதா ஞாபகமே இல்லையே" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்றைக்கும் டப்பா கொண்டுவந்திருந்தார்.

என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. வெல்டரை வெளியே நிறுத்தினேன் என்பதற்காக விட்டார்களாம். ஆனால் மாற்றல். உன் கிளைக்கு, உன் ஆவணப் பிரிவுக்கு, உன் மேஜைக்கு. நீ இங்கே வருகிறாய், சிமுலேஷன் பிரிவின் தலைவியாக. நோட்டீஸ் போர்டில் இரண்டு பேர் உத்தரவும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

அம்மாவை என்னோடு வரச் சொன்னேன். "மருமக வர்றா, வீட்டைப் போட்டுட்டு நான் எங்க வர்றது?" என்கிறாள். உன் அறையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்கிறேன்.

ஜெயித்துவிட்டாய். சந்தோஷம்தானே?


ஆகஸ்ட் 14

இந்த மேஜைக்கு வந்து சேருகிறவருக்கு,

இதைத் தபாலில் போடாமல் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போகிறேன். நான் ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன், நீங்கள் காலையில் வருவீர்கள்.

சந்தோஷமா என்று கேட்டிருந்தீர்கள். உத்தரவின் இரண்டாவது பக்கத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பச்சை ரோபோ கம்பெனியின் சாஃப்ட்வேருக்கு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். அதனால் நான் தலைவியாக உட்கார்ந்து ஓட்டப் போவது அதைத்தான். வெள்ளை ரோபோவைப் பெட்டியாகக் காட்டுகிற அதே சாஃப்ட்வேரை. அந்தப் பெட்டிகள் எப்போது கை நீட்டும் என்று நான் தனியாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றாகக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். அது தேறாது என்று நிரூபித்ததற்கு இது பரிசு. பெரியவர் போனில் வாழ்த்துச் சொன்னார். "உங்க கணக்குல எனக்கு எப்பவும் நம்பிக்கை உண்டும்மா" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில்தான் தங்கப் போகிறேன். அத்தை கூப்பிட்டார், அத்தைக்காகப் போகிறேன். நீங்கள் லீவில் வந்தால் வாருங்கள், உங்கள் அம்மாவைப் பார்க்க உங்களை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வருவதற்கு முன்னால் எழுதுங்கள். அன்று நான் வேறெங்காவது இருந்துகொள்கிறேன்.

வேலையைப் பற்றி: படத்தில் இருக்கும் எண்ணையும் பட்டியலில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒத்துத்தான் இருக்கும். ஒத்துப் போகாதவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. நாற்காலியின் இடது சக்கரம் சுற்றாது என்று எழுதியிருந்தேனே, வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் பழகிவிடும். முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். உங்களைப் பற்றியும் மெயில் வந்திருக்கிறது.

அறைச் சாவியை டயர் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல மனுஷர், அநாவசியமாக எதுவும் கேட்க மாட்டார். குளியலறைக் குழாயை இறுக்கி மூடினால்தான் சொட்டாது. ஒரு சட்டையை அங்கே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவசரத்தில் என் பெட்டிக்குள் வந்துவிட்ட உங்கள் சட்டை, அந்தப் பொத்தான் தொங்கிய சட்டைதான். தைக்கவில்லை. ஊசியும் நூலும் ஜன்னலில் இருக்கிறது.

அடுப்படி என்று தனியாகக் கிடையாது. மூலையில் ஒரு ஒற்றை அடுப்பு, அவ்வளவுதான். சமைக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லத் தோன்றாது. உங்கள் ரகசியமெல்லாம் பத்திரமாக இருக்கும்.